அறுபத்து நாலரை நாள்



மலர்க்குழுத் தம்பிகள் என்னிடம் கேட்டது "டிப்ளமோவுக்குப் பின் என்ன படிக்கலாம்?" என்ற கட்டுரை. அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் பழைய மாணவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் எவ்வளவு கட்-ஆஃப் என்பதெல்லாம் செல்போனைத் தட்டினால் வந்து விழுகிற காலம் இது. வேறொன்று எழுதித் தரட்டுமா என்றேன். "ரெண்டு பக்கம் நிரம்பினாச் சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டார்கள். பக்கம் கூடிப்போனால் அவர்களைத் திட்டுங்கள், என்னை அல்ல.

நான் எழுத நினைப்பது அட்டெண்டன்ஸ் பற்றி. சிரிக்க வேண்டாம்! மூன்று வருடத்தில் நாம் எந்தப் புத்தகத்தைத் திறந்தோமோ இல்லையோ, அந்த நீளமான பச்சை அட்டை ரெஜிஸ்டர் ஒரு நாள்கூடத் திறக்காமல் இருந்ததில்லை. நம்மைப் போன்ற சின்னத் தனியார் கல்லூரி எப்படி ஓடுகிறது, யார் யாரைத் தாங்குகிறார்கள், எந்த விதி யாரைக் கடிக்கிறது என்பதெல்லாம் அந்த ரெஜிஸ்டரில் இருக்கிறது, படிக்கத் தெரிந்தால்.

முதலில் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1980-களின் நடுவில், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த காலத்தில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் தொடங்கத் தனியாருக்கு வழி திறந்தது. அதற்கு முன்பு டிப்ளமோ என்றால் அரசு பாலிடெக்னிக், இல்லாவிட்டால் அரசு உதவி பெறும் பழைய பாலிடெக்னிக். இடம் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. பிறகு நம் நாமக்கல் மாவட்டத்துப் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் ஒரு வளைவு, ஒரு கேட், உள்ளே ஒரு கல்லூரி என்று ஆகிவிட்டது. லாரி ஓட்டியவர், ரிக் வண்டி வைத்தவர், கோழிப்பண்ணை வைத்தவர், தறி வைத்தவர் எல்லாரும் கூடிக் கட்டிய கல்லூரிகள் பல. கல்லூரி யாருடையதாக இருந்தாலும் கேள்வித்தாள் சென்னை கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலிருந்துதான் வரும். பாடத்திட்டமும் அங்கிருந்தே. அட்டெண்டன்ஸ் விதியும் அங்கிருந்தே.

நான் 2016-இல் மெக்கானிக்கல் சேர்ந்தேன். அறுபது இடத்துக்கு நாற்பத்தொரு பேர். அப்போதே பாலிடெக்னிக்கில் சேருகிறவர்கள் குறைய ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் பிளஸ் டூ முடித்தவர்கள் சிலரும் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் சிலரும் நேரடியாக வந்து சேர்ந்தார்கள். ஐ.டி.ஐ.யிலிருந்து வந்தவர்களில் ஒருவருக்கு எங்களைவிட நாலு வயது அதிகம். வகுப்பில் எல்லாரும் "அண்ணே" என்றோம். ஆசிரியர்களில் சிலருக்கே வாய் தவறி "அண்ணே" வந்துவிடும்! அவர் லேத்தில் நின்றால் சாரே தள்ளி நின்று பார்ப்பார். ஆனால் இன்ஜினியரிங் மேத்ஸ் என்றால் அண்ணனுக்கு வியர்த்துவிடும்.

சின்னக் கல்லூரி என்றால் எல்லாம் அன்பு மயம் என்று எழுத எனக்கு ஆசையில்லை. மலர்களில் அப்படி எழுதுவது வழக்கம்தான். உண்மை என்னவென்றால், ஒரே பாடத்துக்கு ஒரே செமஸ்டரில் எங்களுக்கு மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். முதலாமவர் வேறு கல்லூரியில் கொஞ்சம் கூடுதல் சம்பளம் என்று போனார், இரண்டாமவர் பேங்க் பரீட்சையில் தேறிப் போனார். மூன்றாமவர் வந்து "எதுவரைக்கும் நடத்துனாங்க?" என்று கேட்டபோது நாற்பது பேரும் நாற்பது பதில் சொன்னோம். ஃபீஸ் கட்டாதவன் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். உதவித்தொகைப் பணம் வந்ததும் கட்டுகிறேன் என்று ஒருவன் சொன்னால், "வந்ததும் ஹால் டிக்கெட் வாங்கிக்கப்பா" என்று பதில் வரும். யார் யாருடன் டீ குடித்தார் என்பது சாயங்காலத்துக்குள் பிரின்சிபால் அறைக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் பிரிவு அம்மிணி ஒருத்தி தன் சொந்த அண்ணனுடன் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசியதற்கு விசாரணை நடந்த கதை உங்களுக்கும் தெரியும். சின்ன ஊரில் ஒளிவதற்கு இடம் கிடையாது. சின்னக் கல்லூரியிலும் அப்படியே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படித்தது 2015-இல் வந்த 'எம்' திட்டம். அதற்குப் பிறகு 2020-இலும் 2023-இலும் பாடத்திட்டம் மாறிவிட்டது. எனவே நான் சொல்லும் கணக்கை அப்படியே இன்றைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். எங்கள் காலத்தில் தியரிப் பாடத்துக்கு 75 மதிப்பெண் போர்டு பரீட்சை, 25 இன்டர்னல். அந்த 75-இல் 30 கட்டாயம் எடுத்தாக வேண்டும், இரண்டும் சேர்ந்து 40 வந்தால் பாஸ். இன்டர்னல் 25-இல் அட்டெண்டன்ஸுக்கு மட்டும் 5. அதைப் பிரித்துக் கொடுத்த விதம்தான் வேடிக்கை. 80 முதல் 83 சதவீதம் வரை வந்தவனுக்கு 1 மதிப்பெண். 84 முதல் 87 வரை 2. 88 முதல் 91 வரை 3. 92 முதல் 95 வரை 4. 96-க்கு மேல் போனால் முழுசாக 5. எண்பதுக்குக் கீழே போனால் மதிப்பெண் பேச்சே இல்லை, பரீட்சை எழுதவே முடியாது என்பதுதான் விதி. கொஞ்சமாகக் குறைந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் டீட்டெயின். அந்த செமஸ்டரையே அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும்.

இது கிண்டி விதி. இதன் மேல் நம் கல்லூரி தன் பங்குக்கு ஒன்று வைத்திருந்தது. முதல் மணி 9.15. கேட் 9.30-க்குச் சாத்தப்படும். அதற்குப் பிறகு வந்தால் அரை நாள் ஆப்சென்ட். உள்ளே வரலாம், வகுப்பில் உட்காரலாம், நோட்ஸ் எழுதலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம். ரெஜிஸ்டரில் மட்டும் மத்தியானம் வரை நீங்கள் இல்லை!

எங்கள் வகுப்பில் பள்ளிபாளையத்துப் பையன் ஒருவன். அவனைத் 'தறி' என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கும் அதில் கோபம் கிடையாது. அப்பா அம்மா இரண்டு பேரும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். சொந்தத் தறி இல்லை. முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். அது கழியும் வரை அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால் மேலே விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை ஒரு ஷிப்ட், காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை இன்னொன்று. நிற்கிற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் தறி ஓடும். நாடாவில் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். பேச்சு கேட்காது. தறிப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வெளியிலும் சத்தமாகவே பேசுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? நம் 'தறி'யும் அப்படித்தான், வைவாவில் அவன் பதில் சொன்னால் வராந்தா வரை கேட்கும்.

ஐந்தாவது செமஸ்டர், 2018 ஜூன். அவன் அப்பாவுக்கு உடம்பு கெட்டது. நெஞ்சில் சளி என்றார்கள், பஞ்சுத் தூசி என்றார்கள், ஈரோடு அரசு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். ராத்திரி ஷிப்ட் அப்பாவுடையது. ஆள் நிற்காவிட்டால் அட்வான்ஸ் கணக்கு ஏறும். இவனுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. "நானே நிக்கறேன்" என்று நின்றுவிட்டான். பகல் ஷிப்டுக்கு அம்மா. எட்டு மணிக்கு அம்மா வந்து மாற்றிவிட்டதும் இவன் வீட்டுக்கு ஓடிக் குளித்து, கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் கல்லூரிப் பக்கம் வரும் பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸில் ஏறினால் இங்கே இறங்கும்போது 9.40. பத்து நிமிஷம்! தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும், சட்டை இன்-பண்ணியிருப்பான், ஷூ போட்டிருப்பான், ரெக்கார்டு நோட்டு கையில் இருக்கும். ரெஜிஸ்டரில் அரை நாள் போயிருக்கும்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. அந்த ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டு, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வருடக்கணக்கில் தண்ணீர் வராதா என்று பார்த்துக்கொண்டிருந்த ஆறு, வந்தபோது வாசலோடு நிற்கவில்லை. இவன் வீடும் கரையோரம். சாமான்களைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்தில் தங்கினார்கள். ஐந்து நாள் வரவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் எங்கள் ஹெச்.ஓ.டி. ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்ற சார்கள் சதவீதத்தைத்தான் சொல்வார்கள். இவர் நாளாகத்தான் சொல்வார். "சதவீதம் சொன்னா உங்களுக்குப் புரியாதுடா. எத்தனை நாள் வரணும்னு சொல்றேன், அது புரியும்" என்பார். 'தறி'யை எழுந்து நிற்கச் சொன்னார். போர்டில் எழுதினார்.

மொத்தம் 80 வேலை நாள். இதுவரை நடந்தது 52. வெள்ளத்துக்குப் போனது 5. அப்பா ஆஸ்பத்திரிக்கு 3. லேட்டாக வந்த அரை நாள் மட்டும் பன்னிரண்டு, அதாவது 6 நாள். ஆக 14 போக 38. பரீட்சை எழுத 64 வேண்டும். மிச்சம் இருப்பது 28 நாள். அதில் 26 வந்தாக வேண்டும்.

"ரெண்டு நாள்தான் உனக்கு இருக்கு கண்ணு. அதுக்கு மேல போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

வகுப்பு முழுக்கக் கத்தியது. "சார், வெள்ளத்துக்குப் போன அஞ்சு நாளைப் போட்டுக் கொடுங்க சார்." "அரை நாளெல்லாம் வந்துதானுங்க சார் உட்கார்ந்திருந்தான், நாங்க பாத்தோம்." ஒருவன், "எத்தனையோ பேருக்குப் போடறாங்க சார்" என்றே சொல்லிவிட்டான். அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இவனுக்கு நான் போடலாம். நாளைக்கு மேனேஜ்மென்ட்டுக்குத் தெரிஞ்சவர் பையனுக்குப் போடச் சொன்னா எந்த வாயோட மாட்டேம்பேன்?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. எனக்கும் அன்றைக்கு அவர் மேல் கோபம்தான். இன்றைக்கும் முழுசாக அவர் பக்கம் என்று சொல்ல முடியாது. வெள்ளம் வந்த ஊர்ப் பையனுக்கு ஐந்து நாள் கழித்துக் கொடுக்க ஒரு கல்லூரிக்கு மனமிருந்தால் வழி இருக்காதா? ஆனால் அவர் சொன்னது வெறும் சாக்கு இல்லை என்பதைப் பின்னால் வேறொரு இடத்தில் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் அவர் 'தறி'யை மட்டும் கூப்பிடவில்லை, அண்ணனையும் கூப்பிட்டார். அண்ணனிடம் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் உண்டு. வீடு சங்ககிரிப் பக்கம். பள்ளிபாளையம் போய் வருவது அவருக்குச் சுத்து. "காலைல எட்டு இருபதுக்கு அவன் வீட்டு வாசல்ல நிக்க முடியுமா உன்னால?" என்று கேட்டார். அண்ணன், "நிக்கலாங்க சார், பெட்ரோல்தான்..." என்று இழுத்தார். ஹெச்.ஓ.டி. சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து மேஜையில் வைத்தார். மிச்சத்தை வகுப்பில் பிரித்துக்கொண்டோம், வாரத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, யார் கொடுத்தார்கள், எத்தனை லிட்டர் போட்டது என்று எழுதினோம். கணக்கு எழுதும் வேலை எனக்கு வந்தது. சேமியா ஐஸ் சாப்பிடுகிறவன் பத்து ரூபாய் இல்லை என்று சொன்னால் விடமாட்டேன் என்பதற்காக என்னிடம் கொடுத்தார்களாம்!

இன்னொரு விஷயத்தில் ஹெச்.ஓ.டி. பிடிவாதமாக இருந்தார். 'தறி'க்கு மூன்றாம் செமஸ்டர் லேத் பிராக்டிகலில் ஒரு அரியர் இருந்தது. திரெட் கட்டிங்கில் விட்டிருந்தான். அதற்குப் பழக வேண்டும். ஆனால், "ராத்திரி முழுக்கக் கண் முழிச்சவன் லேத் பக்கம் நிக்கக் கூடாது" என்று மெஷின் ஷாப் கதவிலேயே சொல்லிவிட்டார். இதில் நான் அவர் பக்கம். சுற்றுகிற சக்குக்கு முன்னால் ஒரு நொடி தலை சாய்ந்தால் போதும். விரல் போனால் எந்த விண்ணப்பம் போட்டும் திரும்ப வராது. வாரத்தில் ஒரு நாள் தறிக்கு லீவு. அந்த ராத்திரி தூங்கி எழுந்த மறுநாள் மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனை நிற்க விடுவார்கள். பக்கத்தில் அண்ணன். எட்டாம் வகுப்புப் பையனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பது போல அண்ணன் ஒரு கையை அரை இஞ்ச் தூரத்தில் வைத்துக்கொண்டே இருப்பார். மற்ற நாட்களில் லைப்ரரி பீரியடில் டிராயிங் ஹால் கடைசி மேஜையில் படுத்துத் தூங்குவான். லேப் அட்டெண்டர் ஃபேனைப் போட்டுவிட்டுக் கதவை ஒருக்களித்து வைப்பார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லவில்லை.

இருபத்தெட்டு நாள் எப்படிப் போயிற்று என்று விலாவாரியாக எழுதினால் உங்களுக்குச் சலிக்கும். ஒரு நாள் அப்பாவை மறுபடி ஈரோட்டுக்குக் கூட்டிப் போனான், ஒன்று போயிற்று. அன்று சாயங்காலம் வகுப்பில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "இன்னும் ஒண்ணுதான் இருக்கு." அதற்கு இரண்டு வாரம் கழித்து, பாதி வழியில் ஸ்ப்ளெண்டர் பின் டயர் பஞ்சர். அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடை தேட, 'தறி' ஓடத் தொடங்கினான். ஒரு முட்டை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து கேட்டில் விட்டபோது 9.34. வாட்ச்மேன் தாத்தா கடிகாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நாலு நிமிஷந்தானுங்க தாத்தா" என்றோம். அவர் கேட்டைத் திறந்தார். ஆனால் லேட் நோட்டிலும் எழுதினார். அரை நாள் போயிற்று.

கடைசிக் கணக்கு: அறுபத்து நாலரை நாள். எண்பது சதவீதத்தை அரை நாளில் தாண்டினான். ஹால் டிக்கெட் வந்தது. அட்டெண்டன்ஸ் மதிப்பெண், ஐந்துக்கு ஒன்று!

எனக்கு ஐந்துக்கு ஐந்து. எங்கள் வீடு கல்லூரியிலிருந்து நடந்து வருகிற தூரம். அப்பா ரேஷன் கடையில் வேலை, அம்மா காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். மணி அடிக்கும் சத்தம் வீட்டிலேயே கேட்கும். ஒழுங்குக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண் என்று சொல்கிறார்கள். அந்த செமஸ்டரில் எங்கள் இருவரில் யார் ஒழுங்கானவன் என்று ரெஜிஸ்டர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஐந்து மதிப்பெண் வீட்டுக்கும் கேட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்தது. வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்பதை அளந்தது. அதற்குப் பெயர் ஒழுங்கு என்று வைத்துவிட்டார்கள்.

அந்த அக்டோபர் பரீட்சையில் 'தறி' ஒரு பாடம் தவிர மற்றதெல்லாம் தேறினான். லேத் பிராக்டிகலும் தேறினான். விட்ட பாடத்தை ஏப்ரலில் எடுத்துவிட்டான்.

இப்போது நான் பார்த்த வேறொரு இடம். 2019-இல் டிப்ளமோ முடித்து, காரைக்குடியில் நடந்த நேரடி இரண்டாம் ஆண்டு கவுன்சலிங்குக்குப் போனேன். அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில் அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்! தமிழ்நாடு முழுக்க இருந்து டிப்ளமோக்காரர்கள், ஃபைலும் கையுமாக, ராத்திரி பஸ்ஸில் வந்த முகத்தோடு. ஒரு பெரிய தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். விரல் வைத்தால் பதிவாகும் இயந்திரம், ஏ.சி. லேப், ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. எங்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "டிப்ளமோ, நீ சொல்லு" என்பார்கள். அந்த வருட நவம்பரில் எனக்கு டெங்குக் காய்ச்சல். எட்டு நாள் போகவில்லை. எட்டு நாளும் காலை 10.15-க்கு அப்பாவின் செல்போனுக்கு "உங்கள் மகன் இன்று வரவில்லை" என்று தவறாமல் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. ஒன்பதாம் நாள் போனபோது எங்கே போயிருந்தாய் என்று கேட்க ஆளில்லை. அதே கல்லூரியில் வருடம் முழுக்கக் கண்ணிலேயே படாத ஒருவனுக்கு செமஸ்டர் கடைசியில் எண்பத்திரண்டு சதவீதம் வந்ததைப் பார்த்தேன். அவன் மாமா யாருக்கோ வேண்டியவர். அன்றைக்குத்தான் எங்கள் ஹெச்.ஓ.டி. சாக்பீஸைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது.

இதைப் படித்துவிட்டு "நம்ம காலேஜ் மாதிரி வருமா!" என்று கைதட்டாதீர்கள். இருநூறு ரூபாய் கொடுத்த ஹெச்.ஓ.டி., சுற்றி வந்த அண்ணன், ஃபேன் போட்ட அட்டெண்டர் மூன்று பேரும் அமைந்தது எங்கள் வகுப்புக்கு வாய்த்தது. எங்களுக்கு முந்தின வருடம் எலக்ட்ரிகலில் ஒரு அண்ணன் இதே போல லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போய்க்கொண்டு படித்தார். அவருக்கு யாரும் நாள் எண்ணிச் சொல்லவில்லை. டீட்டெயின் ஆனார். மறுபடி வரவேயில்லை. அவர் பெயர் எந்த மலரிலும் வராது.

'தறி' இப்போது தறியை விட்டு ரொம்ப தூரம் போகவில்லை. நாடா இல்லாமல் ஓடும் ரேப்பியர் தறிகள் வந்துவிட்ட ஒரு பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். பகல் ஷிப்ட். போன தீபாவளிக்குப் பேசினபோது, அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்றான், வழக்கம் போலச் சத்தமாக. அண்ணன் சங்ககிரியில் சொந்தமாக ரெண்டு லேத் போட்டிருக்கிறார். நான் ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். மைக்ரான் கணக்கில் அளக்கிற வேலை.

கேட் நேரம் 9.30-லிருந்து 9.40 ஆகியிருக்கிறது என்று மலர்க்குழுத் தம்பிகள் சொன்னார்கள். நல்லது. ஆனால் லேட்டாக வந்தால் அரை நாள் என்பது அப்படியே இருக்கிறதாம். அது கிண்டி போட்ட விதி அல்ல, நம் கல்லூரி போட்டது. நம் கல்லூரியே மாற்றலாம். இரவு வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் என்று பேரவையே முதலில் ஒரு கணக்கு எடுக்கட்டும். அவர்களுக்கு முதல் பீரியடை மட்டும் கழித்தால் போதும், அரை நாள் வேண்டாம் என்று ஒரு விண்ணப்பம் எழுதி பிரின்சிபாலிடம் கொடுக்கட்டும். பழைய மாணவர்கள் கையெழுத்து வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். நானும் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுத் தருகிறோம். 'தறி'யையும் கூட்டி வருகிறோம்.